பின்வளவுக் கறுவாவில் ஒரு கோப்பை தேநீர்

தெகிவளையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்வளவில், மதிலோரமாக ஒரு கறுவா மரம் நிற்கிறது. அதன் கிளைகள் அடுத்த வீட்டுக் கூரையில் உரசத் தொடங்கியதால், இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அதைக் கணுக்கால் உயரத்துக்குத் தறித்துவிட்டோம். மரம் பட்டுப்போகும் என்றே நினைத்தேன். ஆனால் அடுத்த மழையோடு அடிக்கட்டையைச் சுற்றிப் பன்னிரண்டு தளிர்கள் கிளம்பி, ஒன்றோடொன்று போட்டியிட்டு நெடுநெடுவென வளர்ந்து, இந்த ஆண்டு பெருவிரல் தடிப்புள்ள நேரான தடிகளாகிவிட்டன. அடுத்த வீட்டில் இருப்பவர் காலி மாவட்டத்துக் கரந்தெனியவில் கறுவா உரிக்கும் குடும்பமொன்றில் பிறந்து வளர்ந்த ஒரு சிங்கள அம்மா. மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்த அவர், “துவ (மகளே), கறுவாத் தோட்டத்திலும் நாங்கள் இப்படித்தான் தறித்துவிடுவோம், உயர்ந்து வளர்ந்த மரத்தில் உரிப்பதற்கு எதுவும் இருக்காது” என்றார். அந்தத் தடிகளை நானே வெட்டி, உரித்து, உலர்த்தி, அதில் தேநீர் போட்டுப் பார்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதில் பிழைத்தவற்றையும் கைகூடியவற்றையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதல் முயற்சியை ஓகஸ்ட் மாதத்தில், வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது செய்தேன், அதுவே முதற்பிழை. இரண்டு தடிகளை வெட்டி, சமையற்கத்தியால் கீறிக் கிளப்பப் பார்த்தபோது பட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டு, நகத்தளவு துண்டுகளாகத் தெறித்ததே தவிர, ஒரு விரல் நீளத்துக்குக்கூட முழுமையாகக் கழன்று வரவில்லை. மழைக்குப் பின் மரம் புதுத் தளிர் விடும்போதே பட்டைக்கும் உட்கட்டைக்கும் இடையில் சாறு ஓடி, அவை இரண்டும் விலகக்கூடிய நிலைக்கு வருகின்றன. தளிர் செக்கச் சிவந்து இருக்கும்போதும் வெட்டக்கூடாது, அந்தச் சிவப்பு மாறி இலை பச்சையாகி முற்றத் தொடங்கிய பிறகே வெட்டவேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஒருமுறையும், ஒக்டோபருக்குப் பிந்திய மழையை ஒட்டி இன்னொருமுறையும் தென்பகுதியில் கறுவா வெட்டுவது இதனால்தான். ஆகவே நான் நவம்பர் வரை காத்திருந்தேன்.

நவம்பரில், மாலை மழை ஒழுங்காகப் பெய்துகொண்டிருந்த ஒரு கிழமையில், காலை ஏழு மணிக்கு நான்கு தடிகளை வெட்டினேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு அடி நீளம். இலைகளையும் சிறு கிளைகளையும் நீக்கி, தடிகள் காயாமலிருக்க நனைத்த சாக்கால் மூடி வைத்தேன். அதற்கிடையில் கையிலிருந்த இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்தபோது வந்தது கறுவா வாசனை அன்று, கராம்பு வாசனை. கறுவா இலையின் எண்ணெயில் யூஜினோல் என்ற மணப்பொருள் மிகுந்திருக்கிறது. கராம்பிலும் அதுவே மிகுதி. தடியின் பட்டையில் கறுவாவுக்கே உரிய மணம் தரும் சின்னமல்டிகைட்டும், வேர்ப்பட்டையில் கற்பூரமும் மேலோங்கி நிற்கின்றன. ஒரே மரம் இலையிலும் தண்டிலும் வேரிலும் மூன்று வெவ்வேறு மணங்களை வைத்திருப்பதை என் கைகளாலேயே அறிந்துகொண்டது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. இலையையும் பின்னர் ஒருமுறை தேநீரில் இட்டுப் பார்த்தேன். பல்வலிக்குப் பூசும் கராம்பெண்ணெயின் சுவைதான் வந்தது. அதை மீண்டும் செய்யவில்லை.

முதலில் மேற்தோலைச் சுரண்டவேண்டும். சாம்பலும் பழுப்புமான அந்தத் தக்கைப் படை தேநீரில் கைப்பை மட்டுமே தரும். இலங்கைக் கறுவா காகிதம்போல் மெல்லியதாக இருப்பதற்கு அது முழுவதும் சுரண்டி அகற்றப்படுவது முக்கியமான காரணம். வளைந்த அலகுள்ள அதற்கான கத்தி என்னிடம் இல்லாததால், துருப்பிடிக்காத உருக்குக் கத்தி ஒன்றின் மழுங்கிய முதுகைப் பயன்படுத்தினேன். அடுத்த வேலை தேய்த்தல். உரிப்பவர்கள் இதற்கென ஒரு கனமான பித்தளைக் கோல் வைத்திருப்பார்கள். சுரண்டிய தடியை அதனால் அழுத்தி மேலும் கீழுமாக உரைக்கும்போது பட்டை உட்கட்டையிலிருந்து இளகுகிறது. எங்கள் வீட்டில் இஞ்சியும் ஏலமும் இடிக்கும் சிறிய பித்தளை உரலின் உலக்கை அதற்குப் பொருத்தமாக அமைந்தது. சாதாரண இரும்பை இதற்கு எடுக்கக்கூடாது. பட்டையிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் கறுத்த கறை விழும். ஓகஸ்டில் பழைய இரும்புக் கத்தியால் நான் வெட்டிய துண்டுகளின் ஓரங்கள் அப்படித்தான் கறுத்திருந்தன.

தேய்த்த பின், ஏறத்தாழ ஓர் அடி இடைவெளியில் தடியைச் சுற்றி இரண்டு வளையங்கள் கீறி, அவற்றை இணைத்து எதிரெதிர்ப் பக்கங்களில் நெடுக இரண்டு கோடுகள் இழுத்து, கத்தி முனையைப் பட்டைக்கு அடியில் செருகி மெல்ல நகர்த்தவேண்டும். சொல்வதற்கு எளிது. என் முதல் தடியில் ஐந்து இடங்களில் பட்டை கிழிந்தது. மதிலைச் சுற்றி வந்து அருகில் அமர்ந்த அந்த அம்மா, “துவ, கத்தியை அழுத்தாதே, பட்டை தானாகத்தான் எழும்பவேண்டும், நீ அதற்கு வழி மட்டும் விடு” என்று கூறி, அடுத்த தடியைத் தம் மடியில் வைத்து, நான் கணக்கெடுப்பதற்குள் இரண்டு முழு அரைக்குழல்களைக் கழற்றித் தந்தார். தாம் இந்த வேலையை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன என்று அவர் சொன்னது அதன் பிறகுதான். மூன்றாவது தடியில் எனக்கும் ஒரு முழுத்துண்டு வந்தது. பட்டையின் உட்புறம் அப்போது பால் வெள்ளையாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றுப் பட்டு, பொன்னிறமாக மாறத் தொடங்கியது.

அந்த நிறம் மாறும் நேரத்தில் அவர் அரைக்குழல்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கிழிந்த சிறு துண்டுகளை உள்ளே நிரப்பி, ஒரு நீண்ட சுருளாக்கிக் காட்டினார். வணிகத்துக்கென இப்படிப் பொருத்தும் சுருளின் நீளம் 42 அங்குலம். நிழலில் கயிறுகளின்மேல் கிடத்தி உலர்த்தும்போது பட்டை உள்நோக்கிச் சுருண்டு, தானாகவே இறுகிவிடும். சுருளின் விட்டத்தைக் கொண்டே தரம் பிரிப்பார்கள்: ஆறு மில்லிமீற்றருக்கு மேற்படாத மிக ஒடுங்கிய சுருளுக்கு ‘அல்பா’ என்று பெயர், அதற்குக் கீழே கொண்டினென்டல், மெக்சிக்கன், ஹம்பேர்க் என்று, கடல்கடந்த சந்தைகளின் பெயரைத் தாங்கிய தரங்கள் வருகின்றன. என் சுருள்கள் எந்தத் தரத்திலும் சேராதவை. நான்கு தடிகளிலுமிருந்து ஈரமாக 112 கிராம் பட்டை கிடைத்தது.

உலர்த்துவதில் இரண்டாவது பிழை நேர்ந்தது. கொழும்பின் நவம்பர்க் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். முதல் பாதியைச் சுளகில் நெருக்கமாகப் பரப்பிச் சமையலறை மூலையில் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அடித்துண்டுகளில் வெண்பூஞ்சணம் பிடித்திருந்தது. அவற்றைத் தேநீருக்கு எடுக்கக்கூடாது. பத்துக் கிராம் அளவுக்கு வெளியே வீசினேன். மிகுதியைச் சணல் நூலில் ஒன்றோடொன்று தொடாமல் தொங்கவிட்டு, இரவும் பகலும் மின்விசிறியை மெல்லிய வேகத்தில் ஓடவிட்டேன். நேரடி வெயிலில் வைத்தால் விரைவாகக் காயும் என்பது உண்மை. ஆனால் பட்டை கோணிப் பிளப்பதோடு மணமும் வெளியேறிவிடும். ஆறாம் நாள் ஒரு துண்டை முறித்தபோது ‘டக்’ என்ற ஒலியோடு உடைந்தது. நிறுத்துப் பார்த்தேன்: 43 கிராம்.

அந்த ஆறு நாள்களில், தொங்கிக்கொண்டிருந்த பட்டையின் மணம் வீடு முழுவதும் நிறைந்திருக்கையில், இந்த மரத்துக்காக இந்த ஊரில் நடந்தவற்றை எண்ணாமல் இருக்க முடியவில்லை. பழைய எகிப்திலும் கிரேக்கத்திலும் கறுவா என்ற பெயரில் விற்கப்பட்ட பொருளின் பிறப்பிடத்தை வாங்கியவர்கள் அறிந்திருக்கவில்லை. அரேபியாவில் பெரும் பறவைகள் கறுவாக் குச்சிகளைக் கொண்டுவந்து செங்குத்தான பாறைகளில் கூடு கட்டுவதாகவும், மக்கள் கீழே பெரிய இறைச்சித் துண்டங்களை வைக்க, அவற்றைத் தூக்கிச் சென்ற பறவைகளின் கூடு பாரம் தாங்காமல் உடைந்து விழுவதாகவும், கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டஸ் எழுதி வைத்தார். உண்மையை நேரில் கண்டு எழுதியவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1344-இல் அவர் புத்தளத்தில் இறங்கியபோது, ஆறுகள் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததையும், மலபாரிலிருந்தும் பாண்டி நாட்டுக் கரையிலிருந்தும் வருவோர் அவற்றை விலை கொடுக்காமல் ஏற்றிச் சென்று, பதிலுக்கு அரசனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாகத் தந்ததையும் கண்டார். அந்த அரசன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. யாழ்ப்பாண அரசைப் பற்றிப் பேசும்போது முத்தையும் யானையையும் நினைவுகூரும் நாம், புத்தளக் கரையில் குவிந்து கிடந்த இந்தக் கறுவாவையும் சேர்த்தே நினைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வந்தவர்கள் காணிக்கையோடு நிற்கவில்லை. 1505-இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். கோட்டை இராச்சியத்தின் அரசன் அவர்களுக்கு ஆண்டுதோறும் கறுவாவைத் திறையாகக் கொடுக்க நேர்ந்தது. 1656-இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டுக் கறுவாவையே வெட்டுவித்தார்கள். சலாகம குலத்தினர் அதை உரித்துக் கொடுப்பது பிறப்போடு வரும் கட்டாய ஊழியமாக இருந்தது. அனுமதியின்றிக் கறுவாவை வெட்டுவதும் விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலம் அது. அந்த அம்மாவின் விரல்கள் எவ்வளவு இலகுவாக அந்தப் பட்டையைக் கிளப்பின என்பதை அருகிலிருந்து பார்த்த பிறகு, அந்தக் கைத்திறனுக்கு அடியில் எத்தனை தலைமுறைகளின் வருத்தம் இருக்கிறது என்பது என் மனத்தை விட்டு அகலவில்லை. 1760களின் இறுதியில், ஒல்லாந்த ஆளுநர் பால்க்கின் காலத்தில், மருதானையின் மணற்பாங்கான நிலத்தில் கறுவாவை நட்டுப் பயிரிட்டுப் பார்த்தார்கள், அது செழித்தது. இன்று கொழும்பு ஏழு என்று நாம் சொல்லும் கறுவாத்தோட்டம் அந்தப் பயிர்ச்செய்கையின் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. 1796-இல் ஆங்கிலேயர் அதைப் பெற்றுக்கொண்டார்கள். 1833-இல் அரசின் தனியுரிமை நீங்கியது. தோட்டம் காலப்போக்கில் மாளிகைகளும் நூதனசாலையும் பூங்காவுமாயிற்று. அந்தப் பக்கமாகச் செல்லும் எவரும் இன்று அங்கே கறுவா வாசனையைத் தேட மாட்டார்கள்.

இனித் தேநீர். ஒவ்வொரு முறையும் அரை லீற்றர் தண்ணீருக்கு ஐந்து கிராம் பட்டை என்ற அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டேன். முதலில், எங்கள் வீட்டில் வழமையாகச் செய்வதுபோல, திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். வீடு முழுவதும் மணத்தது, கோப்பையில் மணமில்லை. நிறம் கடும் பழுப்பு, நாக்கில் துவர்ப்பு. இதில் வியப்பில்லை: கறுவா எண்ணெயை நீராவியோடு கடத்தித்தான் வடிக்கிறார்கள். மூடாத பாத்திரத்தில் கொதிக்கவிடும்போது நாமும் அதே வடிப்பைச் செய்து, எண்ணெயைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, தனினை மட்டும் நமக்கு வைத்துக்கொள்கிறோம். அடுத்ததாக, முழுச் சுருளின்மேல் கேத்தில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் விட்டேன். மங்கலான வெந்நீரே கிடைத்தது. தூளாக்கியும் பார்த்தேன். தூள் கரைவதில்லை, அதிலுள்ள மாவும் பசைப்பொருளும் நீரை உறிஞ்சி ஊதி, கோப்பையின் அடியில் வழுவழுப்பான மண்டியாகத் தங்கின. தேநீருக்குத் தூள் ஏற்றதன்று என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

கைகூடிய முறை இது. பட்டையைக் கையால் விரல்நுனி அளவுத் துண்டுகளாக முறித்து, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். பின்னர் மூடி போட்டு, மிகச் சிறிய நெருப்பில், ஓரத்தில் சிறு குமிழிகள் மட்டும் எழும் நிலைக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டு நிமிடம் அதே நிலையில் வைத்து, அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் மேலும் பத்து நிமிடம் விட்டேன். மூடியைத் திறந்ததும் அதன் உட்புறத்தில் திரண்டிருந்த நீர்த்துளிகளைப் பாத்திரத்துக்குள்ளேயே தட்டிவிட வேண்டும். மணத்தின் நல்ல பங்கு அதில் இருக்கிறது. தேன் நிறத்தில், சீனி சேர்க்காமலேயே நாக்கில் இனிப்புத் தட்டுகிற ஒரு நீர் கிடைத்தது. என் முயற்சியில் முதல் முறையாக, மரத்தை உரிக்கும்போது மூக்கில் ஏறிய அந்த மணம் கோப்பைக்குள் வந்திருந்தது.

தேயிலையை இதோடு சேர்த்து அவிக்கக்கூடாது. தேயிலையின் துவர்ப்பு கறுவாவை மூடிவிடும். பட்டையை வடித்தெடுத்த நீரை மட்டும் ஒருமுறை கொதிநிலைக்கு ஏற்றி, மலைநாட்டு டிம்புள்ளவின் பி.ஓ.பி. எனப்படும் உடைந்த இலைத் தரத் தேயிலை ஒரு தேக்கரண்டியின்மேல் ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடித்துவிடவேண்டும். தாழ்நிலத்து றுகுணைத் தேயிலையிலும் செய்து பார்த்தேன். அதன் கடுமைக்கு முன்னால் இந்த மெல்லிய மணம் நிற்கவில்லை. பாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. யாழ்ப்பாணத்து வழக்கப்படி உள்ளங்கையில் ஒரு சிறு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு குடித்தால், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. தண்ணீரும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கொழும்புக் குழாய்நீர் மென்னீர். இதே பட்டையில் கொஞ்சத்தை ஊருக்குக் கொண்டுபோய், சுண்ணாம்புக் கற்பாறைமேல் இருக்கும் எங்கள் கிணற்று நீரில் போட்டபோது, தேநீர் கலங்கி மேலே ஏடு படிந்தது. அங்கே வடித்த மழைநீரில்தான் சரிவந்தது.

சென்னையிலிருந்து வந்த சித்தி கொண்டுவந்த ஒரு பொதி பட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அங்கே இலவங்கப்பட்டை என்றும் வெறும் பட்டை என்றும் சொல்லி விற்பது பெரும்பாலும் கெசியா எனப்படும் வேறொரு மரத்தின் பட்டை. நம் கறுவாவின் உறவுதான், ஆயினும் அதுவன்று. கறுவாச் சுருளின் முறிந்த முனையில் சுருட்டுப்போலப் பல மெல்லிய படைகள் தெரியும். கெசியா ஒரே தடித்த ஓடாக இரு பக்கத்திலிருந்தும் உள்நோக்கி வளைந்திருக்கும். கையால் முறிக்க முடியவில்லை, உலக்கையால் தட்டவேண்டியிருந்தது. அதன் தேநீர் செந்நிறமாக, காரமாக, தொண்டையில் குத்துவதாக இருந்தது, ஆறியதும் கொழகொழத்தது. “பிரியாணிக்கு இதுதான் நிற்கும், பிள்ளை” என்று சித்தி சொன்னார், அது சரிதான். ஆனால் நாள்தோறும் தேநீராகக் குடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கெசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. அளவு மீறினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதற்பாதுகாப்பு அது. கடையில் வாங்குபவர்கள் பெயரைப் பார்ப்பதோடு முனையையும் பார்த்து வாங்குங்கள்.

முதல் நல்ல கோப்பையை மதிலுக்கு மேலாக அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் முதலில் குடிக்கவில்லை, முகர்ந்தார். பிறகு, தம் தந்தை வேலை முடிந்து வரும்போது அவருடைய சட்டையில் இந்த மணம்தான் இருக்கும் என்று சொன்னார். வடிதட்டில் கிடந்த அவிந்த பட்டையை நான் கொட்டப்போனதைக் கண்டு தடுத்து, அதைக் காயவைத்து இன்னொருமுறை ஊறவிடலாம் என்றார். செய்து பார்த்தேன், இரண்டாவது நீர் மெலிந்ததுதான், ஆனால் இரவில் தேயிலையில்லாமல் குடிப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் இன்னும் எட்டுக் கிராம் பட்டை இருக்கிறது. அடிக்கட்டையில் மிஞ்சிய ஆறு தடிகளில் கோணலான இரண்டை நீக்கி, நேரான நான்கை விட்டிருக்கிறேன். வைகாசி மழைக்குப் பின் அவற்றின் தளிர் சிவப்பு மாறியதும் தம்மைக் கூப்பிடவேண்டும் என்றும், அப்போது தாமே தம் பழைய பித்தளைக் கோலைக் கரந்தெனியவிலிருந்து எடுத்து வருவதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.